ஷேடும் ஷேடோவும்

'வேப்பமர நிழலில் அமர்ந்தாள்' என்ற வரியை ஆங்கிலமாக்கும்போது, 'ஷேட்' என்று எழுத வேண்டிய இடத்தில் 'ஷேடோ' என்று எழுதிவிட்டு, மறுநாள் படித்தபோதுதான் பிசகை உணர்ந்தேன். தமிழில் இரண்டுமே நிழல் என்பதால் கை தடுமாறியிருக்க வேண்டும்.

ஒளியை மறைக்கும் பொருளின் உருவத்தைக் காட்டுவது ஷேடோ. அதற்கு ஓர் எல்லைக்கோடு உண்டு, ஒன்று இரண்டு என எண்ணவும் முடியும். ஷேட் என்பதோ வெயில் படாத இடமும் அங்கே கிடைக்கும் குளிர்ச்சியும். அதற்கு வடிவம் முக்கியமன்று. நண்பகல் வெயிலில் நிற்பவனுக்குக் காலடியில் ஷேடோ இருக்கும், ஆனால் ஒதுங்குவதற்கு ஷேட் இராது. சந்திர கிரகணத்தின்போது நிலவின் மேல் வளைந்த விளிம்புடன் விழும் புவியின் நிழலை ஷேட் என்று எவரும் சொல்வதில்லை.

இத்தனைக்கும் இவை ஒரே சொல்லிலிருந்து பிறந்தவை: பழைய ஆங்கிலச் சொல் ஒன்றின் எழுவாய் வடிவம் ஷேட் ஆகவும், வேற்றுமை ஏற்ற வடிவம் ஷேடோ ஆகவும் வளர்ந்து, பிறகு பொருளையும் பங்கிட்டுக்கொண்டன.

தமிழில் அந்தப் பங்கீட்டை உடன் வரும் சொல்தான் செய்கிறது. பேருந்து நிறுத்தத்து நிழற்குடை ஷேட் தருவது. விளக்கொளியில் தோல்பாவைகளை ஆட்டும் நிழற்கூத்து முழுக்க முழுக்க ஷேடோ. பெயிண்ட் கடையில் நாம் கேட்கும் 'ஷேடு கார்டு' மட்டும் இந்தக் கணக்கில் சேராது. அங்கே ஷேடு என்றால் நிறத்தின் அடர்த்தி.