பெட்ரா: பாறைச் சுவரில் ஒரு வாய்க்கால்

ஜோர்தானின் வாடி மூசாவில் தங்கியிருந்த நாங்கள், வெயில் ஏறுவதற்குள் பெட்ரா என்ற பண்டைய பாறை நகருக்குள் நுழைந்துவிட வேண்டும் என்று விடியற்காலையிலேயே கிளம்பிவிட்டோம். நுழைவாயிலைக் கடந்து சிறிது தூரம் நடந்தால், 'சீக்' எனப்படும் மலைப்பிளவு தொடங்குகிறது. ஏறத்தாழ 1.2 கிலோமீட்டர் நீளமுள்ள அந்தப் பிளவின் முடிவில் எதிர்ப்படும் அல்-கஸ்னே என்ற குடைவரை முகப்பைக் காணத்தான் எல்லோரும் விரைகிறார்கள். என்னை நிறுத்தியது பக்கச் சுவர்.

ஒரு பக்கம் பாறையில் வெட்டிய வாய்க்கால். மறுபக்கம் நீளமான காடி, அதற்குள் ஒன்றின் வாயில் மற்றொன்றைச் செருகிச் சாந்து பூசிய சுடுமண் குழாய்கள். உடைந்து எஞ்சிய துண்டுகள் இன்றும் அப்படியே இருக்கின்றன. இந்நகரை ஆண்ட பண்டைய அரபு மக்களான நபத்தேயர்கள் ஊற்று நீரை இப்படித்தான் நகருக்குள் கொண்டுவந்தார்கள். தென் அரேபியாவிலிருந்து சாம்பிராணியும் வெள்ளைப்போளமும் சுமந்து காசா துறைமுகம் நோக்கிச் சென்ற ஒட்டகச் சாத்துகளுக்கு, அதாவது வணிகக் கூட்டங்களுக்கு, இங்கே தண்ணீரும் தங்குமிடமும் காவலும் கிடைத்ததால்தான், இந்த வறண்ட மலைகளுக்கு நடுவே ஒரு தலைநகரம் செழித்தது என்பதை அந்தக் குழாயைப் பார்த்த பிறகே முழுமையாக உணர்ந்தேன்.

தண்ணீரைக் கொண்டுவருவதோடு அவர்கள் வேலை முடியவில்லை. காட்டாற்று வெள்ளம் சீக்கினுள் புகாதபடி அதன் வாயிலில் அணை கட்டி, மலையைக் குடைந்து வேறு வழியில் திருப்பிவிட்டார்கள். அந்த அணை பாழடைந்து கிடந்த 1963ஆம் ஆண்டில், திடீர் வெள்ளம் இதே பாதையில் பாய்ந்து, பிரான்சிலிருந்து வந்திருந்த பயணிகள் இருபதுக்கும் மேற்பட்டோரைப் பலிகொண்டது. அதன் பிறகு அணையை மீண்டும் கட்டினார்கள். அந்தப் பயணிகள் நடந்த தரையில்தான் நானும் நிற்கிறேன் என்ற நினைப்பு நெஞ்சை அழுத்தியது.

சற்றுத் தள்ளி, சுவரில் ஒரு சாத்தே செதுக்கப்பட்டிருக்கிறது. மேற்பகுதி மழையிலும் காற்றிலும் கரைந்துவிட்டது. ஒட்டகங்களின் கால்களும், ஓட்டிச் செல்பவனின் பாதங்களும், அவன் அங்கியின் கீழ்மடிப்பும் மட்டும் தெளிவாகத் தெரிகின்றன. அவை வண்டலுக்கு அடியில் புதைந்திருந்ததால் தப்பின.

அல்-கஸ்னே சுமார் 40 மீட்டர் உயரத்தில் பேரழகாக எழுந்து நிற்கிறது. ஆனால் அது ஒரு கல்லறை, வாழ்ந்த ஊர் அதற்கு அப்பால் இருக்கிறது. கி.பி. 106இல் ரோமானியர்கள் இந்த அரசைத் தங்கள் பேரரசுடன் இணைத்துக்கொண்டார்கள். வணிகமும் மெல்லக் கடல்வழிக்கு மாறியது. 363ஆம் ஆண்டு நிலநடுக்கம் நகரின் பெரும்பகுதியைத் தகர்த்தது.

சீக் வழியாக வந்த நீர் தூண் வரிசைத் தெருவின் தொடக்கத்தில் இருந்த பொது நீரூற்றில் வந்து சேர்ந்தது. இன்று அங்கே சில அடித்தளக் கற்களும், முதிய காட்டுப் பிஸ்தா மரம் ஒன்றும் இருக்கின்றன. நண்பகல் வெயிலில் அந்த மர நிழலில்தான் உட்கார்ந்து தண்ணீர் குடித்தோம்.