ஒரு தடவைதான் அழுத்தினேன்

“தம்பி, நான் ஒரு தடவைதான் அழுத்தினேன்” என்றார் மேடம், ரிப்போர்ட்டை எக்ஸெல் ஃபைலாக எடுக்கும் எக்ஸ்போர்ட் பட்டனை. “பரவாயில்லை மேடம், எல்லாரும் செய்றதுதான்” என்றேன். அவ்வளவுதான் பேச்சு. நான் குரலை உயர்த்தவில்லை, முகம் சுளிக்கவில்லை. சொல்லப்போனால் பெருந்தன்மையாகத்தான் சொன்னேன். அந்தப் பெருந்தன்மைதான் இன்னும் உறுத்துகிறது.

எங்கள் அப்ளிகேஷனை ஓட்டும் டாம்கேட் சர்வர்கள் இரண்டும் நாலு நிமிட இடைவெளியில் விழுந்த நாள் அது. முன்னால் கோரிக்கைகளை வாங்கும் அப்பாச்சி வெப் சர்வர், அதில் அவற்றைப் பின்னால் பிரித்து அனுப்பும் மாட்-ஜேகே, பின்னால் ஆளுக்கொரு டாம்கேட்டோடு இரண்டு நோட், அதாவது இரண்டு மெஷின். ஒன்று போனால் இன்னொன்று தாங்கும் என்று சொல்லித்தான் இரண்டாவது மெஷினையே வாங்க வைத்திருந்தேன். அப்ளிகேஷன் தன் வேலைகளைக் குறித்து வைக்கும் லாகைத் திறந்தால் முதல் நோடில் 11:42-க்கு ரிப்போர்ட் ஆரம்பித்த வரி. இரண்டாவது நோடில் 11:46-க்கு அதே வரி. அதே யூசர், அதே தேதிகள். நாலு நிமிடம் பொறுத்துப் பார்த்து, ஒன்றும் வராததால் மறுபடி அழுத்தியிருக்கிறார். வேறு என்ன நினைக்க முடியும்? இன்றைக்கும் அந்த இரண்டு வரிகளை மட்டும் காட்டினால் அதே முடிவுக்குத்தான் வருவேன். இதை எனக்கு நானே பலமுறை சொல்லிக்கொண்டாயிற்று.

ரிப்போர்ட் அவ்வளவு பெரிதானதற்கும் நான்தான் காரணம். அதுவரை, ஜாவாவிலிருந்து எக்ஸெல் ஃபைல் எழுத உதவும் பிஓஐ லைப்ரரியின் ஹெச்எஸ்எஸ்எஃப் வைத்துப் பழைய எக்ஸ்எல்எஸ் ஃபைல் எழுதிக்கொண்டிருந்தோம். ஒரு ஷீட்டில் 65,536 வரிக்கு மேல் போகாது. வருடக் கணக்கை நாலு துண்டாக எடுத்து மேடம் ஒட்டிக்கொண்டிருப்பார். பார்க்கப் பாவமாக இருந்தது, புதிய எக்ஸ்எல்எஸ்எக்ஸ் ஃபைல் எழுதும் எக்ஸ்எஸ்எஸ்எஃப்-க்கு மாற்றினேன். அதில் ஷீட்டுக்கு 10,48,576 வரி. ஷீட்டில் இடம் கிடைத்தது, மெமரியில்தான் இல்லை. ஒர்க்புக் முழுவதையும் மெமரியில் வைத்துக் கட்டும் சங்கதி அது. இரண்டு லட்சம் வரி, 40 நெடுவரிசை என்றால் 80 லட்சம் செல். ஜாவாவுக்கு ஒதுக்கிய 2 ஜிபி மெமரி (ஹீப்) எங்கே தாங்கும்? மேடத்தைப் படுத்திய பழைய வரம்புதான் அத்தனை நாளும் சர்வரைக் காப்பாற்றிக்கொண்டிருந்தது.

சரி, அதைச் சரிசெய்தேன். அதே லைப்ரரியின் எஸ்எக்ஸ்எஸ்எஸ்எஃப்-க்குப் போனால் கடைசி 100 வரிகளை மட்டும் மெமரியில் வைத்துக்கொண்டு மற்றதை டெம்ப் ஃபைலுக்குத் தள்ளிவிடும். தள்ளிய வரிக்குத் திரும்பப் போக முடியாது என்பதால், மேலே இருந்த மொத்தத் தொகையைக் கீழே கொண்டுபோக வேண்டியதாயிற்று. (அந்த டெம்ப் ஃபைல்களை அழிக்கும் டிஸ்போஸைக் கூப்பிட மறந்து டெம்ப் டைரக்டரி நிரம்பியது தனிக் கதை.) கூடவே, ஒருமுறை அழுத்தியதும் எக்ஸ்போர்ட் பட்டன் மங்கிப்போகும்படி செய்தேன்.

மூன்று வாரம் கழித்து, வேறு எதையோ தேடிக்கொண்டு, வெளியிலிருந்து வரும் ஒவ்வொரு கோரிக்கைக்கும் ஒரு வரி எழுதும் அப்பாச்சியின் ஆக்சஸ் லாகுக்குள் போனேன். அந்த நாளின் எக்ஸ்போர்ட்டுக்கு அங்கே இருந்தது ஒரே ஒரு வரி. மாட்-ஜேகே லாகில், முதல் நோடிலிருந்து பதில் வாங்க முடியவில்லை, ரெகவரபிள், அதாவது மறுபடி அனுப்பிப் பார்க்கலாம், என்ற குறிப்பு. மாட்-ஜேகேயின் ரெகவரி ஆப்ஷன்ஸ் என்ற செட்டிங்கை நாம் தொடாவிட்டால் அதன் மதிப்பு 0. கோரிக்கையை வாங்கிக்கொண்ட பிறகு டாம்கேட் செத்தாலும், அதே கோரிக்கையை அடுத்த நோடுக்கு அனுப்பிப் பார்க்கும் என்று அர்த்தம். நான் படித்திருந்த விஷயம்தான்.

மெமரி தீர்ந்தால் இழுத்துக்கொண்டு கிடக்காமல் சட்டென்று சாகட்டும் என்று டாம்கேட்டை ஓட்டும் ஜாவா எஞ்சினான ஜேவிஎம்முக்கு எக்ஸிட்-ஆன்-அவுட்-ஆஃப்-மெமரி போட்டு வைத்தவன் நான். ஜேவிஎம் செத்தது, இணைப்பு அறுந்தது, கோரிக்கை பக்கத்து நோடுக்குத் தாவியது. டாம்கேட்டின் டெல்டா மேனேஜர் மேடத்தின் செஷனை (லாகின் செய்த விவரத்தை) அங்கேயும் கொண்டுபோய் வைத்திருந்ததால், இரண்டாவது நோட் அவரை அடையாளம் கண்டு வேலையை ஆரம்பித்துவிட்டது. இப்படி செஷனை நகலெடுக்கும் ரெப்ளிகேஷன் மட்டும் இல்லாதிருந்தால் ஒரு லாகின் பக்கத்தைத் திருப்பிக் கொடுத்துவிட்டுப் பிழைத்திருக்கும். எல்லாமே நான் சொன்னபடியே வேலை செய்திருக்கின்றன.

டாம்கேட் வாங்கிக்கொண்ட கோரிக்கையை மறுபடி அனுப்பாதபடி ரெகவரி ஆப்ஷன்ஸை 3 என்று மாற்ற ஒரு நிமிடம்கூட ஆகவில்லை. மாற்றியதை டீமில் சொன்னேன். அன்றைக்கு நடந்ததும் இதனால்தான் என்று சொல்லவில்லை. மேலே போன அறிக்கையில் “பயனர் இருமுறை அழுத்தியதால்” என்று ஏற்கனவே எழுதியாயிற்று. ரெகவரி ஆப்ஷன்ஸை முன்பே மாற்றியிருந்தாலும் முதல் சர்வர் விழுந்திருக்கும், அந்தப் பழி எப்படியும் என்னுடையதுதான். அப்படியிருக்க பழைய அறிக்கையை எதற்குக் கிளற வேண்டும் என்று நினைத்தேன். நியாயமாகத்தான் பட்டது. இப்போதும் பாதி நியாயமாகப் படுகிறது.

ஆனால் அதற்குப் பிறகு நான் பக்கத்தில் நிற்கும்போதெல்லாம் மேடம் எக்ஸ்போர்ட்டை ஒருமுறை அழுத்திவிட்டு, மவுஸிலிருந்து கையை எடுத்து மடியில் வைத்துக்கொள்வார். ஒன்றும் பேசமாட்டார். ஒருநாள், “மேடம், அன்னைக்கு நீங்க…” என்று ஆரம்பித்தேன். “எப்பவோ நடந்தது, விடுங்க தம்பி” என்றார். விட்டுவிட்டேன். அவர் விடச் சொன்னதால் விட்டேனா, அதற்காகவே காத்திருந்தேனா, தெரியவில்லை.

போன மாதம் புதிதாக வந்த பையன் பட்டனை மங்கவைக்கும் அந்தப் புரோகிராம் வரிகளைக் காட்டி, “இது இப்ப தேவையா சார்? எடுத்துரலாமா?” என்று கேட்டான். அதற்கு மேலே நான் எழுதிய குறிப்பு அப்படியே இருந்தது: பயனர் இரண்டுமுறை அழுத்துவதைத் தடுக்க. “இருக்கட்டும்ப்பா” என்றேன்.