மூட்டம் சாம்பலாகாமல் படம் எடுக்க

கண்ணுக்குப் பால் மாதிரித் தெரிந்த மூட்டம், போனில் பார்த்தால் அடுப்புச் சாம்பல் மாதிரி இருக்கிறது. இலங்கை மலையகத்தில் படம் எடுக்கிறவர்களுக்கு இதுதான் முதல் ஏமாற்றம். உடனே மூட்டத்தைத் திட்டிவிட்டு, வெயில் வரட்டும் என்று கமராவை உள்ளே வைத்துவிடுகிறோம். பிழை மூட்டத்தில் இல்லை, கமராவுக்குள் இருந்து வெளிச்சத்தை அளக்கிற ஒளிமானியில் இருக்கிறது.

தனக்கு முன்னால் இருப்பது மூட்டமா கரிச்சட்டியா என்று ஒளிமானிக்குத் தெரியாது. எதைக் காட்டினாலும் அதன் சராசரி நடுத்தரச் சாம்பலாக வரும்படி ஒளியைக் கூட்டும், குறைக்கும். படம் முழுக்க வெள்ளையாக இருந்தால் வெளிச்சம் கூடிப்போனதாக எடுத்துக்கொண்டு குறைத்துவிடும். மூட்டம் சாம்பலாகும், அதற்குள் நிற்கிறவரின் முகம் கரியாகும். புதிய போன்கள் முகத்தைக் கண்டுபிடித்து ஓரளவு சரிசெய்யும்தான், ஆனால் முகம் தூரத்தில் சின்னதாக இருந்தால் அதுவும் கைவிட்டுவிடும். எனவே நாம்தான் கூட்ட வேண்டும். கமராவில் எக்ஸ்போஷர் கொம்பன்சேஷனை (வெளிச்சத்தைக் கூட்டிக் குறைக்கும் அமைப்பு) +0.7 முதல் +1.3 வரை வையுங்கள். போனில் முகத்தின் மேல் விரலை அழுத்திப் பிடித்தால் ஃபோக்கஸும் ஒளியும் பூட்டிக்கொள்ளும். பிறகு பக்கத்தில் வரும் சூரியக் குறியை மெதுவாக மேலே இழுங்கள். ஹிஸ்டோகிராமில் (இடப்பக்கம் கறுப்பும் வலப்பக்கம் வெள்ளையுமாக ஒளியின் பரவலைக் காட்டும் வரைபடம்) மேடு வலப்பக்கம் சாய்ந்திருக்க வேண்டும், ஆனால் சுவரில் முட்டக்கூடாது. முட்டினால் அந்த இடத்தில் வெறும் காகித வெள்ளைதான் மிஞ்சும், எடிட்டிங்கில் அதைத் திருப்பி எடுக்க முடியாது. கவ்வாத்து வெட்டிய (தேயிலையைக் கத்தரித்த) மலையோ காட்டு நிழலோ படத்தை நிறைத்தால் இதற்கு நேரெதிர்: -0.7.

இதற்கெல்லாம் முன்னால் லென்ஸைத் துடையுங்கள். போனில் விழுகிற மூட்டத்தில் பாதி, மலையிலிருந்து வந்ததல்ல, விரலில் இருந்த தேங்காய் எண்ணெய். சட்டை நுனியால் தேய்த்தால் எண்ணெய் பரவும், போகாது. கண்ணாடி துடைக்கிற துணி ஒன்று பொக்கட்டில் இருக்கட்டும்.

அடுத்தது நேரம். ‘சூரியன் உதித்து ஒரு மணித்தியாலம் பொன்னொளி’ என்று படிப்பதெல்லாம் வடக்கு நாட்டுக் கணக்கு. நாம் இருப்பது ஏறக்குறைய 7 பாகை அகலாங்கில். சூரியன் கிட்டத்தட்ட நெட்டுக்குத்தாக ஏறுகிறது, மணிக்கு 15 பாகை அளவில். மஞ்சள் வெளிச்சம் தரும் முதல் 6 பாகையைத் தாண்ட 25 நிமிடம் போதும். மலைநாட்டில் இன்னொரு சிக்கலும் இருக்கிறது. கிழக்கே மலை மறைத்தால் போன் சொல்லும் உதய நேரம் உங்கள் பள்ளத்தாக்குக்குப் பொருந்தாது. கையை நேராக நீட்டி முட்டியைப் பிடியுங்கள். ஒரு முட்டி அகலம் சுமார் 10 பாகை. மலை ஒன்றரை முட்டி உயரம் என்றால் வெயில் ஒரு மணித்தியாலம் பிந்தித்தான் உங்கள் இடத்துக்கு வரும், வரும்போதே சுள்ளென்று வரும். அப்படிப்பட்ட இடத்தில் கிழக்கைப் பார்த்துக் காத்திருப்பதில் அர்த்தமில்லை. திரும்பி மேற்கு மலையைப் பாருங்கள். முதல் மஞ்சள் ஒளி அதன் உச்சியில் விழுந்து மெல்ல மெல்ல இறங்கும். பள்ளம் நீல நிழலில் இருக்க, உச்சி மட்டும் எரியும் அந்தப் பத்து நிமிடம்தான் படம். சிவனொளிபாத மலையிலும் (2,243 மீற்றர்) இதே கதை. எல்லோரும் கிழக்கே போனை நீட்டிக்கொண்டிருக்கும்போது, மலையின் முக்கோண நிழல் அவர்கள் முதுகுக்குப் பின்னால் மேற்கே மூட்டத்தின் மேல் விழுந்து கிடக்கும்.

பருவத்தையும் கணக்கில் எடுங்கள். ஹட்டன், மஸ்கெலியா, தலவாக்கலைப் பக்கம் ஜனவரி முதல் மார்ச் வரை வானம் தெளியும், காலைக் குளிர் கடிக்கும். மே முதல் செப்டெம்பர் வரை தென்மேற்குப் பருவக்காற்று அதே மலைகளை மூட்டத்தில் மூடும்போது, பண்டாரவளை, பதுளைப் பக்கம் காய்ந்து காற்றடிக்கும். மூட்டம் வேண்டுமா தெளிவு வேண்டுமா என்று முதலில் முடிவு செய்துவிட்டு பஸ் ஏறுங்கள்.

மூட்டத்துக்குள் படத்தின் சட்டகத்தை அமைப்பது எப்படி? படத்தில் கருமையான பொருள் ஒன்று கிட்டத்தில் இருக்க வேண்டும். நிழல் மரம், லைட் கம்பம், குடை பிடித்த ஆள், எதுவானாலும் சரி. அது இல்லாத மூட்டம் வெறும் வெள்ளைத் தாள். கிட்டத்தில் கருமை, அதன் பின்னால் நரை, அதற்கும் பின்னால் இன்னும் வெளிறிய நரை என்று படிப்படியாகப் போகும்போதுதான் தூரம் தெரியும். இதற்கு அகலக் கோண லென்ஸ் உதவாது. போனின் 0.5 கோணத்தில் எடுத்தால் பெரிய மலைகூடப் பரு மாதிரிச் சிறுத்துவிடும். கமராவில் 70 முதல் 200 மில்லிமீற்றர், போனில் உண்மையான 2 மடங்கு அல்லது 3 மடங்கு லென்ஸ் இருந்தால் அது. மலைகள் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கிக்கொள்ளும். வானம் வெறும் வெள்ளையாக இருந்தால் அதற்கு இடம் கொடுக்காதீர்கள். தெமோதரையில் 1921இல் கட்டி முடித்த ஒன்பது வளைவுப் பாலத்தின் படங்களில் பெரும்பாலானவை அடிபடுவது இங்கேதான். மேலே மூன்றில் ஒரு பங்கு வெற்று வானம், கீழே சுருங்கிய பாலம். மேல் விளிம்பைக் கோச்சிக்கு (ரயிலுக்கு) சற்று மேலே நிறுத்தினால் வளைவுகளுக்கும் காட்டுக்கும் இடம் கிடைக்கும். ஓடும் கோச்சிக்கு ஷட்டர் வேகம் 1/500 செக்கனுக்குக் குறையக்கூடாது.

தேயிலையின் பச்சை ஏன் படத்தில் வெளிறிப்போகிறது? தேயிலை இலை மினுங்கும். அந்த மினுக்கம் இலையின் நிறமில்லை, இலை பிரதிபலிக்கிற வானம். எடிட்டிங்கில் நிறத்தைக் கூட்டினால் மினுக்கம் அப்படியே இருக்க, மீதிப் பச்சை மட்டும் பிளாஸ்டிக் வாளி மாதிரி ஆகும். மினுக்கத்தை வெட்டுவது பொலரைசர் ஃபில்டர். லென்ஸ் முன்னால் மாட்டி, கண்ணால் பார்த்தபடி வளையத்தைச் சுழற்றுங்கள். ஒரு இடத்தில் இலைகள் சட்டென்று கறுத்துப் பச்சையாகும். மழை நனைத்த மலையிலும் மூட்டத்திலும்கூட வேலை செய்யும். விலையாக ஒன்று முதல் இரண்டு ஸ்டொப் ஒளி போகும் (ஒரு ஸ்டொப் என்றால் ஒளி பாதியாகும்), ஐஎஸ்ஓவை, அதாவது கமராவின் ஒளியுணர்திறனை, ஏற்ற வேண்டிவரும். போனுக்கு, பொலரைஸ்டு கூலிங் கிளாஸை லென்ஸ் முன்னால் பிடித்துச் சுழற்றினாலே போதும்.

கொழுந்து எடுக்கிற பெண்களைப் படமெடுக்கும்போது பெரும்பாலோர் செய்வது, மேலே ரோட்டில் நின்றபடி கீழே பார்த்துச் சொடுக்குவது. தலைத்துணியும் கூடையின் வாயும்தான் கிடைக்கும். அனுமதி கேட்டு மலைக்குள் இறங்கி, நிரைக்குக் கீழ்ப்பக்கம் நின்று, கமராவைச் செடியின் மட்டத்துக்குக் கொண்டுவாருங்கள். முன்னால் இலைகள் மங்கலாக ஓட, முகமும் கையும் தெளிவாக எழும். விரல்கள் பறக்கும் வேகத்துக்கு 1/500 வேண்டும். அதைவிட முக்கியம், “அக்கா, இந்தப் பக்கம் பாருங்க, சிரிங்க” என்று வேலையை நிறுத்தச் சொல்லாதீர்கள். அவர்களுக்கு நாள் சம்பளம் நிறையோடு கட்டப்பட்டது. நீங்கள் எடுக்கிற ஐந்து நிமிடம் அவர்கள் கூடையில் குறையும். கொழுந்து நிறுக்கிற நேரத்தில் மடுவத்தடியில் (நிறுக்கும் கொட்டகை அருகில்) நின்றால் முகங்கள் தாமாகவே கிடைக்கும். பேச்சு, களைப்பு, கேலி எல்லாம் அங்கேதான்.

லயக் காம்பரா உள்ளே வெளிச்சம் வருவது பெரும்பாலும் ஒரே வாசல் வழியாக. அதைக் குறையாக நினைக்காதீர்கள், ஸ்டூடியோக்காரர் காசு கொடுத்துச் செய்வது அதைத்தான். எரிகிற எல்இடி பல்பை முதலில் அணையுங்கள். இல்லாவிட்டால் முகத்தில் ஒரு பக்கம் பகல் வெளிச்சம், மறுபக்கம் வேறு நிறம் என்று இரண்டாகப் பிரியும், எடிட்டிங்கில் ஒன்றைச் சரிசெய்தால் மற்றது கெடும். ஆளை வாசலிலிருந்து ஒரு மீற்றர் உள்ளே இருத்தி, முகத்தை வாசல் பக்கம் பாதி திருப்பச் சொல்லுங்கள். நீங்கள் வாசலை மறைத்து நிற்கக்கூடாது, நிலையோடு ஒட்டி நில்லுங்கள். இன்னும் ஒரு மீற்றர் உள்ளே போனாலே ஒளி வெகுவாக விழுந்துவிடும். அதனால்தான் பின்சுவர் தானாகவே இருண்டு சாமான்களை மறைத்துவிடுகிறது. இருண்ட கன்னம் கூடக் கறுத்தால், அந்தப் பக்கம் இரண்டடிக்கு மூன்றடி ரிஜிபோம் (தெர்மோகோல்) தகட்டையோ வெள்ளை வேட்டியையோ கைக்கெட்டும் தூரத்தில் பிடியுங்கள். தொடக்கத்துக்கு லென்ஸ் துளை எஃப் 2.8, ஷட்டர் 1/125, ஐஎஸ்ஓ 1600. வெயில் நேரத்தில் இஸ்தோப்பு (முன் திண்ணை) விளிம்புக்கு ஓரடி உள்ளே நிழலில் உட்கார வைத்தாலும் இதே மென்மை கிடைக்கும். போனில் ‘பியூட்டி’ மோட் இருந்தால் அணைத்துவிடுங்கள். கறுப்புத் தோலை அழுக்கென்று நினைத்துச் சுரண்டுகிற வேலை அது.

இனி எடிட்டிங். லைட்ரூமோ ஸ்னாப்சீடோ, இலவசமாகக் கிடைப்பதே போதும். முடிந்தால் ரோ கோப்பில் (கமரா பதிந்தபடியே, பதப்படுத்தாத கோப்பு) எடுங்கள். வழக்கமான ஜேபெக் கோப்பு ஒவ்வொரு நிறத்துக்கும் 256 படிகள்தான் வைத்திருக்கும், 12 பிட் ரோவில் 4,096. மூட்டத்தின் மெல்லிய ஏற்றத்தாழ்வு இந்தப் படிகளில்தான் பிழைக்கிறது. ஜேபெக்கை இழுத்தால் வானத்தில் கோடுகோடாக விழும்.

முதலில் சாய்வை நேராக்குங்கள், ஆனால் மலைச்சரிவை நம்பாதீர்கள். லைட் கம்பம், கட்டடச் சுவர் மாதிரி ஏதாவது ஒன்றை வைத்து நேராக்குங்கள். அடுத்து வைட் பேலன்ஸ், அதாவது படத்தின் நீல, மஞ்சள் சாயல். மூட்டத்தில் 6,500 முதல் 7,500 கெல்வின் பக்கம் தேடுங்கள். கொஞ்சம் நீலம் விட்டு வையுங்கள், குளிர் தெரியட்டும். தேயிலைக்குள் நிற்பவர் முகத்தில் கீழிருந்து பச்சை அடிக்கும். தாடைக்குக் கீழே பார்த்தால் தெரியும். டின்ட்டை மஜென்டா பக்கம் 5 முதல் 10 வரை தள்ளினால் தோல் உயிர் பெறும். பிறகு ஹைலைட்டைக் குறைத்து, ஷாடோவைக் கொஞ்சம் தூக்கி, கறுப்பைச் சற்றே இறக்குங்கள். கிட்டத்து மரத்தின் தண்டு கறுப்பாக இருந்தால்தான் மூட்டம் வெள்ளையாகத் தெரியும். பச்சையையும் மஞ்சளையும் தனித்தனியாக எடுத்து, மஞ்சளின் செறிவை 10 முதல் 20 வரை குறையுங்கள். பச்சையைக் கூட்டவே வேண்டாம். கூர்மை கடைசியில்.

மூட்டத்தைக் குறைக்கும் டிஹேஸ் பக்கம் போனால் 10க்கு மேல் போகாதீர்கள். 40, 50 என்று இழுத்தால் மூட்டம் விலகாது, அழுக்காகும். மணிமணியாக இரைச்சல் கிளம்பும், மலை விளிம்பில் வெள்ளை வளையம் சுற்றும். மூட்டமே வேண்டாம் என்றால் வேறொரு நாள் வந்து எடுப்பதுதான் வழி.

அருவிக்குச் சுருக்கமாக: ஹட்டன்–நுவரெலியா ரோட்டில் டெவன், சென் கிளேயர் இரண்டையும் மூட்டமான நாளில் எடுங்கள், வெயிலில் தண்ணீர் வெந்து வெள்ளையாகிவிடும். முக்காலி வைத்து எஃப் 8 அல்லது 11, 6 ஸ்டொப் என்டி ஃபில்டர் (ஒளியைக் குறைக்கும் கறுப்புக் கண்ணாடி). 1/60 இருந்த இடத்தில் ஒரு செக்கன் கிடைக்கும்.

கமராவைக் குளிரிலிருந்து சூடான குசினிக்கோ கீழ்நாட்டுக்கோ கொண்டுபோகும்போது, குளிரிலேயே சிப் பையில் போட்டு மூடுங்கள். சூடு சமமாகும்வரை, அரை மணி முதல் ஒரு மணித்தியாலம், திறக்காதீர்கள். ஈரம் பையின் வெளியே படியும், லென்ஸில் படியாது. வீட்டில் இறுக்கமான பிளாஸ்டிக் பெட்டி, உள்ளே 200 கிராம் சிலிக்கா ஜெல், ஈரமானி 40க்கும் 50க்கும் இடையில். தோல் பையில் வைத்து அலுமாரிக்குள் போட்டால் அடுத்த மழைக்காலத்துக்குள் லென்ஸ் உள்ளே பூஞ்சை வேர் விட்டிருக்கும். அரிசி டின்னுக்குள் வைப்பதும் வேண்டாம், தவிட்டுத் தூசிதான் மிச்சம்.

படத்தில் இருப்பவர்களுக்கு ஒரு பிரதி கொடுப்பதென்றால் வட்ஸ்அப்பில் படமாக அனுப்பாமல் டொக்கியுமென்டாக அனுப்புங்கள், அப்போதுதான் சுருங்காது. அச்சிடும்போது 4×6 அங்குலத்துக்கு 1,200×1,800 பிக்சல் போதும். போன் படம் 4:3, அச்சு 3:2. 4,000×3,000 படத்தில் உயரத்தில் 333 பிக்சல் வெட்டுப்படும். ஸ்டூடியோ இயந்திரம் அதை மேலும் கீழும் சமமாக வெட்டினால் தலைத்துணியின் முடிச்சு போய்விடும். நீங்களே 3:2க்கு வெட்டி, கீழே இருக்கிற இலையைக் குறைத்துக் கொண்டுபோய்க் கொடுங்கள்.