பார்வை மங்கியபின் தெரியும் உருவங்கள்

மயிலாப்பூரில் எங்கள் தெருப் பாட்டி ஒருவர், விழித்திரை பழுதாகிப் பார்வை மங்கிய பிறகு, கூடத்துச் சுவரோரம் பச்சைப் பாவாடை கட்டிய சிறுமியர் ஓசையின்றி வரிசையாக நடந்து செல்வதைக் காண்கிறார். நெற்றிக்கண் திறந்துவிட்டது என்று சிலரும், புத்தி பேதலித்துவிட்டது என்று சிலரும் சொல்ல, அவர் அதைப் பற்றிப் பேசுவதையே நிறுத்திவிட்டார். எனக்கு அதுதான் பொறுக்கவில்லை. கண்ணிலிருந்து வரும் தகவல் குறையும்போது மூளையின் பார்வைப் பகுதி தானே உருவங்களைப் படைத்துக்கொள்கிறது. ஜெனீவாவைச் சேர்ந்த இயற்கை ஆய்வாளர் சார்லஸ் போனே தம் தாத்தாவுக்கு நேர்ந்த இதே அனுபவத்தை 1760இல் எழுதிவைத்தார்; மருத்துவர்கள் இன்றும் இதைப் போனேயின் பெயராலேயே அழைக்கிறார்கள். தியானத்தில் புருவ மத்தியில் ஒளி காண்போரை நான் குறைத்துப் பேசவில்லை, அது வேறு வழி. வீட்டுப் பெரியவர்கள் இப்படிச் சொன்னால் அதட்டாமல் கேட்டு, கண் மருத்துவரிடம் அழைத்துச் செல்லுங்கள். விளக்கைப் போட்டாலோ, கண்களை இடமும் வலமுமாக அசைத்தாலோ அந்த உருவங்கள் பலருக்கு மறைந்துவிடுவதுண்டு.