கிளினிக் திகதி வரும்வரை

பிள்ளைக்கு இரண்டரை வயது. பேச்சு வரவில்லை, பெயர் சொல்லிக் கூப்பிட்டாலும் திரும்புவதில்லை. மிட்வைஃபிடம் சொல்லிக் கடிதமும் வாங்கியாயிற்று. ஆஸ்பத்திரியில் கிடைத்த திகதியோ சில மாதம் தள்ளிக் கிடக்கிறது. நுவரெலியா, பதுளைப் பக்கத்துத் தோட்டங்களில் பல குடும்பங்கள் இந்த இடத்தில்தான் நின்றுவிடுகின்றன. டொக்டர் என்ன பிரச்சினை என்று சொல்லட்டும், பிறகு பார்க்கலாம் என்று.

அப்படிக் காத்திருக்கத் தேவையில்லை. பிறரோடு பழகுவதும் பேசுவதும் சிரமமாகும் ஆட்டிசமோ, கவனம் நிலைக்காமல் துருதுருவென்று இருக்கும் ஏடிஎச்டியோ, டிஸ்லெக்சியா என்ற எழுத்து வாசிக்கும் சிரமமோ, வீட்டிலும் வகுப்பிலும் செய்ய வேண்டியவற்றில் பெரும்பகுதிக்கு டொக்டரின் காகிதம் வேண்டியதில்லை. காகிதம் கட்டாயம் வேண்டிய இடமும் உண்டு, அதைக் கடைசியில் சொல்கிறேன்.

முதலில், எதைக் கவனிப்பது. 12 மாதத்தில் மழலை ஒலி இல்லை, டாட்டா காட்டுவதோ விரல் நீட்டுவதோ இல்லை. 16 மாதத்தில் ஒரு சொல்லும் இல்லை. 24 மாதத்தில் "பால் தா", "அப்பா வா" என்று இரண்டு சொல் சேரவில்லை. எந்த வயதிலானாலும், பேசிக்கொண்டிருந்த சொற்கள் மறைந்துபோகின்றன. இவற்றில் ஒன்று இருந்தாலே மிட்வைஃபிடம் சொல்லிவிடுங்கள், அடுத்த ஊசிக்குப் போகும்போது சொல்லலாம் என்று விடாதீர்கள். ஒன்றரை வயது ஊசி போட்டால் அடுத்தது மூன்று வயதில்தான். இந்த அறிகுறிகள் துலங்கும் காலம் சரியாக அந்த இடைவெளிக்குள் விழுகிறது.

"ஆம்பளப் புள்ள லேட்டாத்தான் பேசும்", "அவுங்க அப்பனும் நாலு வயசுலதான் வாயத் தொறந்தான்" என்று பாட்டிமார் சொல்வதில் பாசம் இருக்கிறது, மருத்துவம் இல்லை. பேச்சைவிடவும் கூர்ந்து பார்க்க வேண்டியது ஒன்று உண்டு. பிஸ்கட் டின் பக்கம் உங்கள் கையைப் பிடித்து இழுப்பது, தனக்கு வேண்டியதைக் கேட்பது. வானத்தில் ஹெலிகொப்டர் போகும்போது அதைக் காட்டிவிட்டு, நீங்களும் பார்த்தீர்களா என்று உங்கள் முகத்தைத் திரும்பிப் பார்ப்பது, பகிர்வது. இந்த இரண்டாவது இல்லையென்றால் பிள்ளை நாலு சொல் பேசினாலும் காட்ட வேண்டும்.

"எங்க தோட்டத்துல அப்படிப் புள்ளைங்க இல்ல" என்பவர்களுக்கு ஒரு கணக்கு. இலங்கையில் 18 முதல் 24 மாத வயதுள்ள 374 பிள்ளைகளைப் பார்த்துச் செய்து 2009இல் வெளியான ஆய்வு, 93 பேரில் ஒருவருக்கு ஆட்டிசம் என்றது. சின்ன ஆய்வுதான், மலையகத்தில் செய்ததும் அல்ல. என்றாலும் இல்லவே இல்லை என்று சொல்ல இடமில்லை.

கிளினிக்குக்குப் போகுமுன்

பேச்சுப் பிந்தும் எந்தப் பிள்ளைக்கும் முதலில் காது பரிசோதிக்க வேண்டும். தட்டைத் தட்டினால் திரும்புகிறான் என்பது போதாது. கனத்த சத்தம் கேட்டு, "ச", "ப" போன்ற மெல்லிய ஒலிகள் கேட்காத பிள்ளைகள் உண்டு. எம்ஓஎச் (பிரதேச சுகாதார வைத்திய அதிகாரி) கடிதம் எழுதும்போதே கேள்திறன் பரிசோதனையையும் சேர்த்து எழுதச் சொல்லுங்கள். பேராதனைச் சிறுவர் ஆஸ்பத்திரிக்கு ஒரு தடவை போய்வந்தால் ஒரு நாள் பேர் (அன்றைய சம்பளம்) போய்விடுகிறது, துணைக்குப் போனவருக்கும் சேர்த்து. ஒரே கடிதத்தில் இரண்டும் இருந்தால் ஒரு பயணம் மிச்சமாகலாம்.

அடுத்தது வீடியோ. கிளினிக் அறையில் ஒன்று பிள்ளை உறைந்து நிற்கும், அல்லது கத்தி அழும். டொக்டருக்குக் கிடைப்பதோ சில நிமிடம். அதனால் ஒவ்வொன்றும் இரண்டு நிமிடத்துக்கு மேற்படாமல் நான்கு வீடியோ எடுத்து வையுங்கள்: பின்னால் நின்று பெயர் சொல்லிக் கூப்பிடுவது, சாப்பிடுவது, மற்றப் பிள்ளைகளோடு இருப்பது, கட்டுக்கடங்காமல் அழுவது. எல்லாவற்றையும் எடுக்கிறேன் என்று நாற்பது வீடியோ கொண்டுபோனால் ஒன்றையும் பார்க்க மாட்டார்கள்.

பிள்ளைக்காம்பராவில் (தோட்டத்துப் பிள்ளைப் பராமரிப்பு நிலையத்தில்) பார்த்துக்கொள்ளும் அக்காவிடமும் ஒரு பக்கம் எழுதி வாங்குங்கள். நீங்கள் மலையில் கொழுந்து எடுக்கும் நேரம் முழுக்கப் பிள்ளையைப் பார்ப்பவர் அவர். "குறும்பு அதிகம்" என்று எழுதினால் பயனில்லை. "மற்றப் பிள்ளைகள் பாடும்போது காதைப் பொத்திக்கொண்டு மூலைக்குப் போகிறான், தினமும்" என்று கண்ணால் கண்டதை எழுதினால் அதற்குப் பெறுமதி உண்டு.

பேச்சுப் பயிற்சி தருபவர்களில் தமிழ் பேசுவோர் குறைவு. சிங்களத்தில் சொன்னதற்கு எல்லாம் தலையாட்டிவிட்டு வெளியே வந்து விழிப்பதைவிட, "ஒருதரம் செய்து காட்டுங்கள், நான் ஃபோனில் எடுத்துக்கொள்ளட்டுமா?" என்று அனுமதி கேட்டு எடுத்துக்கொள்ளலாம். பிள்ளையோடு பேசும் மொழியை மட்டும் மாற்றிவிடாதீர்கள். இரண்டு மொழி கேட்டு வளர்வதால் ஆட்டிசம் உள்ள பிள்ளையின் பேச்சு பிந்துவதில்லை. உங்களுக்கு இயல்பாக வராத ஆங்கிலத்தில் பேசினால் பிள்ளைக்குக் கிடைக்கும் பேச்சின் அளவுதான் குறையும்.

வீட்டில்

பிள்ளை கேட்க விரும்பும் பொருளைக் கண்ணில் படும்படி, கை எட்டாத உயரத்தில் வையுங்கள். அவன் உங்களைப் பார்த்ததும் ஒரே சொல்: "ரொட்டி". சொல்லிவிட்டு மனதுக்குள் பத்து எண்ணும்வரை சும்மா இருங்கள். பெரும்பாலானோர் தவறுவது இங்கேதான். மூன்று எண்ணுமுன்பே "சொல்லு, ரொட்டின்னு சொல்லு, அம்மாவுக்குச் சொல்லு" என்று அடுக்கிவிடுகிறோம். ஒரு பார்வையோ, கை நீட்டலோ, "ரொ" என்ற ஒலியோ வந்தால் உடனே கொடுங்கள். முழுச் சொல் வரும்வரை பிடித்து வைத்தால் கேட்பதையே விட்டுவிடுவான்.

அன்றாட வேலைகளுக்குப் பட வரிசை நன்றாக உதவும். பழைய கலண்டர் அட்டையைத் தீப்பெட்டி இரண்டின் அளவுக்கு வெட்டி, பல் விளக்குவது, சாப்பாடு, சட்டை, பாடசாலை என்று நாலைந்து படம் வரையுங்கள். கோடாக வரைந்தாலும் போதும். பிள்ளையின் கண் உயரத்தில் ஒரு கயிறு கட்டி, உடுப்புக் கிளிப்பால் இடமிருந்து வலமாக மாட்டுங்கள். ஒன்று முடிந்ததும் அவனே திருப்பிவிட வேண்டும். பத்துப் படம் மாட்டினால் பார்க்கவே மாட்டான். அழும்போது மட்டும் எடுத்துக் காட்டினால் அது தண்டனைப் படமாகிவிடும். பஸ் வராத நாளுக்கும், மண் சரிந்து பாதை மூடிய நாளுக்கும் "இன்று மாற்றம்" என்று சிவப்பில் ஓர் அட்டை வேண்டும். அதைச் சந்தோஷமான மாற்றங்களில் பழக்குங்கள், பாடசாலைக்குப் பதில் பாட்டி வீடு என்பது போல. முதல்முறையே கெட்ட செய்திக்கு எடுத்தால் அடுத்த முறை அட்டையைக் கிழித்துவிடுவான்.

சத்தம் நம் லயங்களில் (தோட்டத்து வரிசை வீடுகளில்) பெரிய சிக்கல். தகரக் கூரையில் மழை, பக்கத்துக் காம்பராவில் டீவி, மாசி பங்குனியில் காமன் கூத்துத் தப்பு. கூத்துக்குப் பிள்ளையைக் கூட்டிப்போகவே கூடாது என்றில்லை. கூட்டம் சேருமுன் போய், ஓரமாக நின்று, காதை மூடும் குல்லா போட்டு, திரும்பும் நேரத்தை முன்பே சொல்லி வையுங்கள். அவன் அழத் தொடங்கியபின் கிளம்புவதென்றால் பிந்திவிட்டது. கம்பளிச் சுவெட்டரைப் பிய்த்து எறியும் பிள்ளைக்கு உள்ளே முழுக்கைப் பருத்திச் சட்டையைத் தையல் வெளியே வரும்படி திருப்பிப் போட்டுப் பாருங்கள். குளிருக்குப் பயந்து அடித்துப் போடவைப்பதைவிட இது எளிது.

இதைக் கட்டாயம் செய்யுங்கள்: சொல்லாமல் வெளியே ஓடும் பிள்ளை என்றால் கதவின் மேல்பக்கத்தில் ஒரு கொண்டி, சட்டையின் உள்பக்கத்தில் ஃபோன் நம்பர். காணவில்லை என்றால் முதலில் ஓடை, கான், பீலி, கிணறு என்று தண்ணீர் இருக்கும் பக்கம் ஆளை அனுப்புங்கள். ஆட்டிசம் உள்ள பிள்ளைகளில் பலரைத் தண்ணீர் இழுக்கும். இதை லயத்தில் எல்லோருக்கும் முன்கூட்டியே சொல்லி வைப்பதில் வெட்கம் ஒன்றும் இல்லை.

வாசிக்க வராத பிள்ளை

கதை கேட்டால் அழகாகத் திருப்பிச் சொல்கிறாள், கடைக் கணக்கு மனதிலேயே போடுகிறாள், மூன்றாம் தரத்தில் வாசிப்பு மட்டும் ஓடவில்லை. இவளைச் "சோம்பேறி" என்பது வழக்கம். தமிழ் எழுத்தில் எந்த இடம் சிக்குகிறது என்று பார்த்தால் வழி கிடைக்கும்.

"கெ" எழுத்தில் கண் முதலில் கொம்பைப் பார்க்கிறது, பிறகுதான் "க". காதிலோ முதலில் விழுவது "க்", பிறகுதான் "எ". "கொ" இன்னும் மோசம், ஓர் ஓசையின் குறி எழுத்தின் இரண்டு பக்கமும் பிரிந்து நிற்கிறது. அதோடு, ஒரே "க" கல், மகன், தங்கம் என்ற மூன்றிலும் மூன்று விதமாக ஒலிக்கிறது. மற்றப் பிள்ளைகள் இதைப் பழக்கத்தில் கடந்துவிடுவார்கள். டிஸ்லெக்சியா உள்ள பிள்ளைக்கு இதைப் பிரித்துச் சொல்லித்தர வேண்டும்.

ஆனால் ல, ள, ழ மாற்றி எழுதுவதை வைத்து எதையும் முடிவுசெய்யாதீர்கள். "பழம்" என்பதை வீட்டில் "பளம்" என்று கேட்டு வளரும் பிள்ளை அப்படித்தான் எழுதும். அது பேச்சு வழக்கு. கவனிக்க வேண்டியவை வேறு: "மரம்" என்பதில் முதல் சத்தம் என்ன என்று சொல்லத் தெரியாமை, நேற்றுத் தெரிந்த எழுத்து இன்று தெரியாமை, எழுத்துகளை விட்டும் வரிசை மாற்றியும் வாசிப்பது, முதல் எழுத்தைப் பார்த்து மீதியை ஊகிப்பது.

ஒரு நாளைக்குப் பதினைந்து நிமிடம், வாரத்தில் ஐந்து நாள் போதும். முதல் ஐந்து நிமிடம் புத்தகம் இல்லாமல் காதுக்கு: "மரத்துல 'ம'வ எடுத்துட்டா என்ன மிஞ்சும்?" பாடசாலைக்கு ஏறும் வழியிலேயே இதை முடித்துவிடலாம். அடுத்தது அட்டை. மெய்யை அகரத்தோடு கறுப்பில் எழுதுங்கள், கொம்பு, கால், சுழி எல்லாம் சிவப்பில் தனித்தனி அட்டையாக. "கொ" வைக்கும்போது விரல் முதலில் நடுவிலுள்ள கறுப்பு "க"வைத் தொட வேண்டும், பிறகு இரு பக்கச் சிவப்பு, பிறகு வாய் சேர்த்துச் சொல்ல வேண்டும். கடைசி ஐந்து நிமிடம், படித்த எழுத்துகள் மட்டுமே வரும் நாலு வரியை வாசிப்பது. சிங்களத்திலும் கொம்பு எழுத்துக்கு முன்னால்தான் வரும், அதனால் இந்த விரல் பழக்கம் இரண்டாம் மொழிக்கும் உதவும்.

ல, ள இரண்டையும் ஒரே நாளில் சொல்லித்தராதீர்கள். ஒன்று நன்றாக ஊறிய பிறகுதான் மற்றது. ஐம்பது தடவை எழுதவைப்பதும் வீண். பத்தாவது தடவைக்குப் பிறகு கை மட்டும்தான் எழுதும், பிழையாக எழுதியதையே நாற்பது தடவை பழகும். வகுப்பில் திடீரென்று எழுப்பி வாசிக்கச் சொல்வதையும் டீச்சர் நிறுத்த வேண்டும். எந்தப் பந்தி என்று முதல் நாளே சொல்லி அனுப்பினால் போதும்.

பாடசாலையும் காகிதமும்

ஏடிஎச்டி உள்ள பிள்ளைக்கு வகுப்பில் செய்ய வேண்டியவை பெரிய செலவில்லாதவை. தடுப்பில்லாத மண்டபத்தில் நாலு வகுப்பு நடக்கும் இடமென்றால் சுவரோரம், டீச்சரின் கைக்கெட்டும் தூரம். பத்துக் கணக்கை மூன்று, மூன்று, நாலாக உடைத்துக் கொடுத்து, ஒவ்வொரு பங்கு முடிந்ததும் கொப்பியைக் கொண்டுவந்து காட்டச் சொன்னால், எழுந்து நடக்கவும் நியாயமான காரணம் கிடைக்கும். டொக்டர் மெதில்ஃபெனிடேட் என்ற ஏடிஎச்டி மருந்தைத் தந்திருந்தால், சாதாரண குளிசை ஏறக்குறைய நாலு மணிநேரம்தான் வேலை செய்யும், பசியையும் குறைக்கும். காலைச் சாப்பாட்டைக் கொடுத்துவிட்டுக் குளிசையைக் கொடுங்கள், நிறையையும் கவனியுங்கள்.

"விசேட கல்வி அலகுக்கு அனுப்புங்கள்" என்பது அதிபர்களிடம் தயாராக இருக்கும் பதில். சில பிள்ளைகளுக்கு அது நல்ல இடம்தான். குழப்படி என்பதற்காக அனுப்புவது சரியல்ல என்பது என் கருத்து. சம்மதிக்குமுன் மூன்று கேள்வி கேளுங்கள்: அங்கே என்ன கற்பிக்கிறார்கள், எந்தப் பாடங்களுக்குப் பொது வகுப்பில் சேர்ந்து இருப்பான், எப்போது மீளப் பார்த்து முடிவெடுப்பீர்கள்? கடைசிக் கேள்விக்குப் பதில் இல்லையென்றால் பிள்ளை அங்கேயே தங்கிவிடும்.

சேர்க்கவே மறுத்தால், மாற்றுத்திறனாளிகளின் உரிமைகளைக் காக்கும் 1996ஆம் ஆண்டின் 28ஆம் இலக்கச் சட்டம் இருக்கிறது. மாற்றுத்திறனைக் காரணம் காட்டிக் கல்வி நிறுவனத்தில் அனுமதி மறுத்துப் பாகுபாடு காட்டக்கூடாது என்று அதன் 23ஆம் பிரிவு சொல்கிறது. 5 முதல் 16 வயதுவரை கல்வி கட்டாயம் என்பது எல்லாப் பிள்ளைகளுக்கும்தான். இதை வாய்ச்சண்டையாகப் போடாதீர்கள். திகதியிட்டு அதிபருக்கு ஒரு பக்கக் கடிதம், பிரதி வலயக் கல்விப் பணிப்பாளருக்கு, பதிவுத் தபாலில். துண்டைப் பத்திரப்படுத்துங்கள். "உதவி செய்யுங்கள்" என்று பொதுவாக எழுதாமல், முன்வரிசை இருக்கை, வாய்மொழிப் பரீட்சை, வீட்டுப்பாடம் பாதி என்று செய்யக்கூடிய இரண்டு மூன்றைக் கேளுங்கள்.

டொக்டர் காகிதம் கட்டாயம் வேண்டிய இடம் பொதுப் பரீட்சை. மேலதிக நேரம், வினாவை வாசித்துக் காட்டுபவர், சொல்லச் சொல்ல எழுதுபவர் ஆகிய சலுகைகளுக்குப் பாடசாலை வழியாகப் பரீட்சைத் திணைக்களத்துக்கு மருத்துவ அறிக்கையோடு விண்ணப்பிக்க வேண்டும். ஓ.எல் (சாதாரணதரப் பரீட்சை) வருடத்தில் ஓடினால் அறிக்கை எடுப்பதற்குள் காலம் போய்விடும், ஒன்பதாம் தரத்திலேயே தொடங்குங்கள். தவணைப் பரீட்சைகளிலும் அதே முறையைக் கேட்டுப் பழக்குங்கள். வாழ்க்கையில் ஒருநாளும் தான் சொல்ல மற்றவர் எழுதிப் பழகாத பிள்ளைக்கு, பரீட்சை மண்டபத்தில் முதல்முறையாக ஓர் அந்நியர் பக்கத்தில் உட்கார்ந்தால் வாய் வராது.

பதின்ம வயதில் பிள்ளை திடீரென்று தூங்காமல், பேசாமல், தன்னைக் காயப்படுத்தத் தொடங்கினால் அதை ஆட்டிசத்தின் கணக்கில் எழுதிவிடாதீர்கள். பல்வலியும் காதுவலியும்கூட அப்படிக் காட்டும், மனச்சோர்வும் காட்டும். 1926 தேசிய மனநல உதவி இலக்கம்.

வலயத்தில் எத்தனை தமிழ்மொழிப் பாடசாலைகளில் விசேட கல்வி அலகு இருக்கிறது, எத்தனை இடத்தில் பயிற்றப்பட்ட ஆசிரியர் இருக்கிறார் என்று பெற்றோர் குழுவாகக் கேட்கலாம். 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின்கீழ் தமிழிலேயே விண்ணப்பிக்கலாம், கொடுப்பதா இல்லையா என்ற முடிவை 14 வேலை நாட்களுக்குள் சொல்ல வேண்டும். "ஏன் எங்களைக் கவனிப்பதில்லை?" என்று எழுதினால் அது தகவல் கேட்பதாகாது, திருப்பி அனுப்பிவிடுவார்கள். எண்ணிக்கையையும் பாடசாலைப் பெயரையும் மட்டும் கேளுங்கள்.