ஆணும் பெண்ணும் மோதும் சப்மிஷன் கிராப்ளிங்: நான் இறங்கிய அனுபவம்

"உங்க எடைப் பிரிவில் பெண்கள் போதுமான அளவுக்குச் சேரவில்லை. கலப்புப் பிரிவில் ஆட விருப்பமா?" போட்டி நடத்துபவர்களிடமிருந்து வாட்ஸ்அப்பில் இப்படி வந்ததும் சரி என்று பதில் போட்டுவிட்டேன். வேளச்சேரிப் பக்கம் நான் பயிற்சி எடுக்கும் இடத்தில் பெண்கள் விரல் விட்டு எண்ணும் அளவுதான். வகுப்பில் எப்போதும் ஆண்களோடுதான் ரோல் பண்ணுகிறோம், அதாவது பயிற்சி ஆட்டம் ஆடுகிறோம். ஆனாலும் போட்டி வேறு. அங்கே நடுவர் இருக்கிறார், புள்ளி இருக்கிறது, எதிரில் நிற்பவர் நம் பழக்கம் தெரியாத ஆள்.

இந்த விளையாட்டில் குத்தும் உதையும் கிடையாது. எதிராளியைக் கீழே தள்ளி, நல்ல இடம் பிடித்து, மூட்டுப் பூட்டோ கழுத்துப் பூட்டோ போட வேண்டும். மாட்டியவர் கையால் தட்டினால் ஆட்டம் அந்த நொடியே முடிந்தது. அதைத்தான் டேப் என்கிறோம். கை சிக்கியிருந்தால் காலால் தட்டலாம், வாயால் சொல்லலாம், வலியில் கத்தினாலும் டேப்தான். ஒலிம்பிக் மல்யுத்தத்தில் இரண்டு தோளும் தரையில் பட்டால் தோல்வி. இங்கே அப்படி இல்லை. மல்லாந்து படுத்து, கால்களுக்கு நடுவில் எதிராளியை அடக்கி வைப்பதே ஒரு பலமான நிலை. அதற்குக் கார்டு என்று பெயர். உடல் வலு குறைந்தவருக்கு இந்த விளையாட்டு வழிவிடுவது அங்கிருந்துதான்.

பெரிய சர்வதேசப் போட்டிகளில் பெரியவர்களுக்கு ஆண், பெண் தனித்தனிப் பிரிவுகள்தான். அது நியாயமும்கூட. ஒரே எடை என்றாலும் ஆண்களுக்குத் தோளிலும் கையிலும் தசை கூடுதல். கலப்பு ஆட்டமெல்லாம் சிறிய உள்ளூர்ப் போட்டிகளிலும் சிறப்புக் காட்சி ஆட்டங்களிலும்தான் நடக்கும். 2024 ஆகஸ்டில் லாஸ் வேகஸில் கிராப்ளிங் வீரர் கிரெய்க் ஜோன்ஸும், ஏடிசிசி என்ற பெரிய சர்வதேச கிராப்ளிங் போட்டியில் பலமுறை பட்டம் வென்ற வீராங்கனை கேபி கார்சியாவும் மோதியது அப்படி ஒன்று. பின்கழுத்துப் பூட்டில் ஜோன்ஸ் ஜெயித்தார்.

எங்கள் போட்டியில் எனக்குப் பிடித்த விஷயம், சம்மதத்தை இரண்டு பக்கமும் கேட்டதுதான். பெண்ணோடு ஆட விருப்பமில்லாத ஆணும் படிவத்தில் அப்படியே எழுதலாம், காரணம் சொல்லத் தேவையில்லை. மனமில்லாமல் மேட்டுக்கு, அதாவது ஆடும் விரிப்புக்கு, வருகிறவர் ஒன்று பட்டும் படாமலும் ஆடுவார், இல்லையென்றால் பதற்றத்தில் முரட்டுத்தனமாக இழுப்பார். இரண்டுமே ஆபத்து. வீடியோவுக்கும் தனிக் கட்டம் இருந்தது. அம்மாவுக்கு இருந்த ஒரே பயம் அதுதான்: "யாராவது எடுத்து எங்கேயாவது போட்டுட்டா என்னடி பண்றது?" வேண்டாம் என்று டிக் போட்டேன். மேட் பக்கத்தில் போனைத் தூக்கியவர்களை அங்கிருந்த தன்னார்வலர்கள் உடனே தடுத்தார்கள்.

காலையில் எடை பார்த்தார்கள். ஆடும் உடையோடேயே ஏறி நிற்க வேண்டும். அப்புறம் பரிசோதனை. நகம் வெட்டியிருக்க வேண்டும், தலையில் ஊசி, கிளிப் எதுவும் கூடாது, தோடு, மூக்குத்தி, மோதிரம் எல்லாம் கழற்ற வேண்டும். எனக்கு முன்னால் நின்ற அக்காவுக்கு மெட்டி கழலவில்லை. பாத்ரூமிலிருந்து சோப்பு எடுத்து வந்து, விரலைச் சுற்றித் தடவி, திருகித் திருகி எடுத்தோம். விரல் சிவந்துபோனது. ஆனால் எதிராளியின் துணியிலோ மேட்டின் இடுக்கிலோ மெட்டி மாட்டினால் விரலே போய்விடும். தோலையும் பார்த்தார்கள். படர்தாமரை இருந்தால் ஆட விடமாட்டார்கள். சென்னை வெயிலில், வியர்வையில், ஒருவரிடமிருந்து பத்துப் பேருக்குப் பரவிவிடும்.

விதிக் கூட்டத்தை யாரும் தவறவிடக் கூடாது. கீழே தள்ளினால் 2, கீழிருந்து புரட்டி மேலே வந்தால் 2, கார்டைத் தாண்டினால் 3, மவுண்ட் (எதிராளியின் மேல் கால் விரித்து உட்காருவது) என்றாலும் முதுகைப் பிடித்தாலும் 4. ஆட்டம் 5 நிமிடம். ஆளைத் தூக்கித் தரையில் அடிப்பதும், கத்தரிக்கோல் மாதிரி காலைப் போட்டு விழவைப்பதும், ஹீல் ஹூக்கும் தடை. ஹீல் ஹூக்கில் குதிகாலைத் திருகினால் முறுக்கு முழங்காலுக்குப் போகும். வலி தெரிவதற்குள் தசைநார் கிழிந்துவிடலாம், தட்ட நேரமே இருக்காது. தொடக்க நிலைக்காரர்களுக்கு இந்தத் தடை அவசியம்.

முதல் ஆட்டம் ஒரு கல்லூரித் தம்பியோடு. கை குலுக்கும்போது மெல்லக் கேட்டான், "அக்கா, கொஞ்சம் மெதுவா ஆடட்டுமா?" "வேணாம்பா, உன் ஃப்ரெண்டோட எப்படி ஆடுவியோ அப்படியே ஆடு" என்றேன். அப்படியே ஆடினான். என் கார்டைத் தாண்டி 3 புள்ளி எடுத்தான். பக்கவாட்டிலிருந்து நெஞ்சால் அழுத்தியபோது நான் தள்ளிய கையின் மணிக்கட்டைப் பிடித்து கிமுரா என்ற தோள் பூட்டைப் போட்டுவிட்டான். முழங்கை மடங்கி, கை முதுகுப் பக்கமாகத் திரும்பத் திரும்ப, தோள் மூட்டு இறுகிக்கொண்டே போகும். அவன் வெடுக்கென்று இழுக்கவில்லை, படிப்படியாகத் திருப்பினான். தட்டினேன், உடனே விட்டான். கலப்பு ஆட்டத்துக்கு வேண்டிய மரியாதை இதுதான் என்பேன். பலத்தைக் குறைக்கத் தேவையில்லை, தட்ட அவகாசம் கொடுத்தால் போதும்.

இரண்டாவது ஆட்டத்தில் எதிரில் நின்றவர் என்னைவிட மூத்தவர், நல்ல பிடி பலம். தொடக்கத்திலேயே இடுப்பைப் பிடித்துத் தள்ளி 2 புள்ளி வாங்கிவிட்டார். அந்த நேரத்தில் அவர் பிடித்தால் பிடித்ததுதான், கையை உருவவே முடியவில்லை. ஆனால் இது ஜாக்கெட் இல்லாத ஆட்டம், பிடிக்கத் துணி கிடையாது. ஹாலில் ஃபேன் மட்டும்தான். இரண்டு பேரும் வியர்வையில் நனைந்ததும் அவர் பிடி வழுக்க ஆரம்பித்தது, நான் உருவிக்கொண்டேன். பாதி கார்டிலிருந்து, அதாவது அவருடைய ஒரு காலை மட்டும் என் கால்களுக்கு நடுவில் அடக்கிய நிலையிலிருந்து, புரட்டினேன், எனக்கும் 2. அவர் எழுந்திருக்கத் திரும்பியபோது முதுகு கிடைத்தது, இரண்டு காலையும் உள்ளே கொக்கி போட்டு 4. அப்புறம் முழங்கை மடிப்பு அவர் தாடைக்குக் கீழே போய்விட்டது. இந்தப் பூட்டு சரியாக விழுந்தால் மூச்சுக்குழாயை நசுக்காது. கழுத்தின் இரு பக்கமும் ஓடும் ரத்தக்குழாய்களைத்தான் அழுத்தும். தட்டாவிட்டால் சில நொடியில் மயக்கம் வந்துவிடும். என் கையில் இரண்டு தட்டு விழுந்தது, விட்டேன். கீழே வந்ததும் அவரே கேட்டார், "அந்த இரண்டாவது கொக்கி எப்படிம்மா உள்ள போச்சு?" மேட் ஓரத்தில் உட்கார்ந்து மெதுவாகச் செய்து காட்டினேன்.

கலப்புப் பிரிவில் பெயர் கொடுக்க நினைக்கும் பெண்கள், எதிராளிக்கும் உங்களுக்கும் எடை வித்தியாசம் எவ்வளவு வரை விடுவார்கள் என்று முதலில் கேளுங்கள். தெளிவான பதில் வராவிட்டால் போகாதீர்கள். தடைசெய்த பூட்டுகளின் பட்டியலையும் எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள். அடுத்த முறை பெண்கள் பிரிவுக்கான பதிவை முன்கூட்டியே திறக்கச் சொல்லியிருக்கிறேன், அப்போதாவது ஆள் சேரும். சேர்ந்தால் இரண்டு பிரிவிலும் ஆடுவேன்.