ஒரே போர்டில் இரண்டு சர்க்யூட்: ஐபிஎம் எக்ஸ்டியில் ஐடிஇ டிஸ்க்

ஐபிஎம் எக்ஸ்டி 1983-ல் வந்தபோது அதனுள் இருந்தது 10 எம்பி ஹார்ட் டிஸ்க். இன்று அந்த இடத்தில் ஒரு ஐடிஇ (பிறகு வந்த, 40 பின் கேபிள் வகை) டிஸ்கையோ காம்பாக்ட் ஃபிளாஷ் மெமரி கார்டையோ வைக்க வேண்டுமென்றால் எளிய வழி எக்ஸ்டி-ஐடிஇ போர்டு. வெறும் பிசிபியும் சிப்களுமாக வாங்கி நாமே சால்டர் செய்துகொள்ளலாம்.

வேலையைத் தொடங்கும் முன் ஒன்றைப் புரிந்துகொண்டால் பாதித் தலைவலி குறையும். இந்த போர்டில் இருப்பவை இரண்டு தனித்தனி சர்க்யூட்கள். ஒன்று ரோம் பகுதி: டிஸ்கை இயக்கும் பயாஸ் நிரல் இருக்கும் 28சி64 ஈஈப்ராமும் (அழித்து எழுதக்கூடிய நினைவக சிப்) அதன் முகவரியைக் கண்டுகொள்ளும் பகுதியும். மற்றது, டிஸ்குடன் பேசும் ஐடிஇ பகுதி. ஸ்லாட்டுக்கும் போர்டுக்கும் நடுவே டேட்டாவைக் கடத்தும் 245 (பஸ் பஃபர்) மாதிரி சில சிப்கள் மட்டும் இரண்டுக்கும் பொது. எல்லாவற்றையும் ஒரேயடியாக மாட்டி பவர் போட்டு, ஒன்றும் வரவில்லையே என்று விழிப்பதைவிட, ரோம் பகுதியை முதலில் பேச வைத்துவிட்டு ஐடிஇ பக்கம் போவது நல்லது.

சிப் வாங்கும்போது 74எல்எஸ் அல்லது 74எச்சிடி வகையாகப் பாருங்கள். 74எச்சி வேண்டாம். டிடிஎல் (எக்ஸ்டியில் உள்ள பழைய சிப் வகை) வெளியீடு 2.4 வோல்ட் இருந்தாலே 'ஒன்று' என்று கணக்கு. எச்சி சிப்போ 5 வோல்ட்டில் ஓடும்போது சுமார் 3.5 வோல்ட் எதிர்பார்க்கும். சில நாள் ஓடும், சில நாள் ஓடாது. அப்படிப்பட்ட கோளாறைத் தேடுவதுபோல் கொடுமை வேறில்லை.

சால்டர் வரிசை வழக்கம்போல்தான்: உயரம் குறைந்தது முதலில். ரெசிஸ்டர்கள், 0.1 மைக்ரோஃபாரட் செராமிக் கெபாசிட்டர்கள், ஐசி சாக்கெட்கள், டிப் சுவிட்ச், 40 பின் ஹெடர், கடைசியாக எலக்ட்ரோலிடிக்கும் பின்பக்கத் தகடும். ரெசிஸ்டர் நெட்வொர்க்கில் புள்ளி இருக்கும் முனைதான் 1-ஆம் பின். திருப்பிப் போட்டால் சுவிட்ச் அமைப்பு எதுவும் சரியாக வேலை செய்யாது. ஸ்லாட்டில் செருகும் தங்க விரல்களின் மேல் முன்கூட்டியே கேப்டான் டேப் (சூடு தாங்கும் டேப்) ஒட்டிவிடுங்கள், அங்கே ஒரு துளி ஈயம் பட்டாலும் ஸ்லாட் பாழ். எல்லா சிப்புக்கும் சாக்கெட் போடுவது வீண் செலவு என்பவர்கள் உண்டு. பகுதி பகுதியாகச் சோதிக்கப் போகிறோம் என்பதால் இங்கே அது வீண் இல்லை.

சிப் எதையும் மாட்டாமல் மல்டிமீட்டரால் ஒரு சோதனை. ஈயம் வைத்த பக்கத்தில், பின்தகட்டுக்கு அருகில் இருக்கும் முதல் விரல் பி1, அது கிரவுண்ட். பி3, பி29 இரண்டும் +5 வோல்ட். பி5 -5 வோல்ட், பி7 -12, பி9 +12. பி3-யும் பி29-ம் ஒன்றோடொன்று சேர்ந்திருக்கும், மற்றபடி இவற்றில் எதற்கும் எதற்கும் ஷார்ட் இருக்கக் கூடாது.

இப்போது ரோம் பகுதி. ஐடிஇ டேட்டாவைப் பிடித்து வைக்கும் இரண்டு 573 லாட்ச்களை மட்டும் விட்டுவிட்டு மற்ற சிப்களை மாட்டுங்கள், கேபிளும் வேண்டாம். ரோம் முகவரியை டி000 என்று வைப்பது பெரும்பாலும் பாதுகாப்பு. எக்ஸ்டியின் பழைய ஜீபெக் ஹார்ட் டிஸ்க் கன்ட்ரோலர் இன்னும் உள்ளே இருந்தால் சி800 அதற்குச் சொந்தம். விஜிஏ கார்டு சி7எஃப்எஃப்எஃப் வரை பிடித்துக்கொள்ளும். ஈஎம்எஸ் (கூடுதல் மெமரி) போர்டு இருந்தால் அதன் ஜன்னல் டி000-லேயே இருக்கக்கூடும், அதையும் பார்த்துவிடுங்கள்.

ஈஈப்ராமில் எழுதவேண்டியது எக்ஸ்டிஐடிஇ யுனிவர்சல் பயாஸ். 8088 பிராசசர் உள்ள மெஷினுக்கு சாதாரண எக்ஸ்டி பதிப்பு. 'எக்ஸ்டி பிளஸ்' பதிப்பில் 80186 கட்டளைகள் இருப்பதால் அது 8088-க்குப் பதிலாக என்இசி வி20 பிராசசர் போட்ட மெஷினுக்குத்தான். 8088-ல் போட்டால் அப்படியே உறைந்துவிடும். ஃபிளாப்பியில் டாஸ் ஏற்றி, எக்ஸ்டிஐடிஇசிஎஃப்ஜி நிரலைக் கொண்டு மெஷினுக்குள்ளேயே எழுதலாம். எழுதும்போது மட்டும் ரைட் ஜம்பரைப் போடுங்கள், முடிந்ததும் எடுத்துவிடுங்கள். 28சி64பி சிப்களில் மென்பொருள் எழுத்துப் பூட்டு உண்டு. நிரலின் அமைப்பில் அதற்குரிய எஸ்டிபி (எழுத்துப் பூட்டு) கட்டளையைத் தேர்ந்தெடுக்காவிட்டால் எழுதியதுபோல் காட்டும், சரிபார்க்கும்போது தோற்கும்.

மெஷினைத் திரும்ப ஏற்றியதும் பயாஸின் பெயர் திரையில் வந்து, 300 என்ற போர்ட் முகவரியில் டிஸ்க் இல்லை என்று சொன்னால் பாதி வேலை முடிந்தது. பெயரே வராமல், முகவரியும் 'ரோம்' என்ற சொல்லும் மட்டும் வந்தால் செக்சம் (ரோமில் உள்ள பைட்களின் சரிபார்ப்புக் கூட்டல்) தவறு: எழுதியது பாதியில் நின்றிருக்கும், அல்லது ஏதோ ஒரு டேட்டா பின் சாக்கெட்டில் மடிந்திருக்கும். எதுவுமே வரவில்லையா? எக்ஸ்டியாக இருந்தால் முதலில் 8-ஆம் ஸ்லாட்டைச் சந்தேகப்படுங்கள். பவர் சப்ளைக்கு ஒட்டிய அந்த ஸ்லாட் பி8 பின்னில் ஒரு பதில் சிக்னலை எதிர்பார்க்கும். அதற்கான ஜம்பர் போடாத போர்டு அங்கே ஊமை. மெஷின் 5150 (எக்ஸ்டிக்கு முந்தைய ஐபிஎம் பிசி) என்றால் மதர்போர்டு பயாஸின் தேதியைப் பாருங்கள். 27 அக்டோபர் 1982-க்கு முந்தைய பயாஸ் கூடுதல் ரோம்களைத் தேடவே தேடாது. அதை மாற்றாமல் இந்த போர்டு பயன்படாது.

அடுத்தது ஐடிஇ பகுதி. ஐடிஇ டேட்டா 16 பிட், ஸ்லாட்டில் இருப்பதோ 8 பிட். படிக்கும்போது கீழ் பைட் நேராக வரும், மேல் பைட்டை ஒரு 573 பிடித்து வைத்திருக்கும், பிராசசர் இன்னொரு போர்ட்டில் வந்து அதை எடுத்துக்கொள்ளும். எழுதும்போது இது தலைகீழ். முதல் ரிவிஷன் போர்டில் அந்த மேல் பைட் போர்ட் எட்டு தள்ளி இருக்கிறது. பிறகு வந்த ரிவிஷனில் ஏ0, ஏ3 முகவரிக் கம்பிகளை இடம் மாற்றியதால் இரண்டு போர்ட்டும் அடுத்தடுத்து வந்து, ஒரே கட்டளையில் 16 பிட் எடுக்க முடிகிறது. வேகம் நன்றாகவே கூடும். போர்டில் அச்சிட்ட ரிவிஷனும் பயாஸ் அமைப்பில் சொன்ன வகையும் ஒன்றாக இருந்தே ஆகவேண்டும். இல்லாவிட்டால் நல்ல டிஸ்கும் 'இல்லை' என்றே வரும்.

சந்தேகம் வந்தால் டாஸின் டீபக் நிரல் போதும். டிஸ்கின் நிலையைச் சொல்லும் போர்ட்டைப் படிக்க 'ஐ 307' என்று கேளுங்கள் (ஏ0, ஏ3 மாற்றிய போர்டில் 30ஈ). 50 வந்தால் டிஸ்க் தயார். எஃப்எஃப் வந்தால் அந்த முகவரியில் பதில் சொல்ல ஆளில்லை: சுவிட்ச், கேபிள், டிஸ்கின் பவர் என்று வரிசையாகப் பாருங்கள். ஸ்லாட்டின் ரீசெட் சிக்னல் உயர்ந்திருக்கும்போது வேலை செய்வது, ஐடிஇ ரீசெட் தாழ்ந்திருக்கும்போது. நடுவில் உள்ள இன்வர்ட்டர் செத்திருந்தால் டிஸ்க் ரீசெட்டிலிருந்து எழுந்திருக்கவே எழுந்திருக்காது.

டிஸ்கின் பெயர் வந்தும் எழுத்துகள் மாறியிருந்தால் அது ஒரு பரிசு என்று எடுத்துக்கொள்ளுங்கள். பெயரின் 1, 3, 5 என்ற எழுத்துகள் மேல் பைட்டில் வருபவை. 2, 4, 6 கீழ் பைட்டில். சான்டிஸ்க் கார்டின் ஆங்கிலப் பெயரில் 'எஸ்' இருக்கவேண்டிய முதல் இடத்தில் 'ஆர்', ஐந்தாவதில் 'ஐ'க்குப் பதில் 'எச்', ஏழாவதில் 'கே'க்குப் பதில் 'ஜே' என்று வந்தால், மேல் பைட்டின் கடைசி பிட் பூஜ்யத்தில் மாட்டிக்கொண்டிருக்கிறது. அது 8-ஆம் டேட்டா பிட், ஹெடரில் 4-ஆம் பின். பக்கத்திலேயே இருக்கும் 2-ஆம் பின் கிரவுண்ட். இரண்டுக்கும் நடுவே ஈயப் பாலம் இருக்கிறதா என்று லென்ஸ் வைத்துப் பாருங்கள், பெரும்பாலும் இருக்கும்.

காம்பாக்ட் ஃபிளாஷ் அடாப்டர்களில் சில, ஹெடரின் 20-ஆம் பின் வழியாக 5 வோல்ட்டை எதிர்பார்க்கும். போர்டில் அதற்கு ஜம்பர் இருந்தால் போடுங்கள், இல்லாவிட்டால் தனியாகப் பவர் கொடுங்கள். எக்ஸ்டி மதர்போர்டின் டிப் சுவிட்சில் ஹார்ட் டிஸ்குக்கென்று எதுவும் மாற்ற வேண்டியதில்லை. ஐஆர்க்யூ (பிராசசரை அழைக்கும் சிக்னல்) ஜம்பரும் தேவையில்லை, இந்த பயாஸ் அதை நம்பி இல்லை.

பார்ட்டிஷன் அளவு டாஸைப் பொறுத்தது: 3.3-ல் 32 எம்பி, 5 அல்லது 6.22-ல் 2 ஜிபி வரை. முடியும் என்பதற்காக 2 ஜிபி வைக்காதீர்கள். ஏற்றியபின் முதல் 'டிர்' கட்டளைக்கு டாஸ் 128 கேபி வரையுள்ள ஃபேட் அட்டவணை (டிஸ்கில் எந்த இடம் காலி என்ற கணக்கு) முழுவதையும் எண்ணும், 4.77 மெகாஹெர்ட்ஸில் அது நீண்ட காத்திருப்பு.

கேமராவில் இருந்த கார்டு என்றால் எஃப்டிஸ்க், ஃபார்மட் எல்லாம் சரியாக முடிந்தும் மெஷின் ஏறாமல் நிற்கலாம். முதல் செக்டரில் பூட் நிரல் இல்லாததே காரணம். டாஸ் 5 முதல் உள்ள 'எஃப்டிஸ்க் /எம்பிஆர்' அதை எழுதிவிடும். பார்ட்டிஷனை ஆக்டிவ் செய்ய மறக்காதீர்கள். வேறு மெஷினில் ஃபார்மட் செய்த கார்டை இதில் போட்டால், பூட் செக்டரில் பதிந்திருக்கும் ஹெட், செக்டர் கணக்கு இங்கே ஒத்துவராமல் போகலாம். எக்ஸ்டியிலேயே பிரித்து, எக்ஸ்டியிலேயே 'ஃபார்மட் சி: /எஸ்' கொடுத்துவிடுங்கள்.